அப்பா பெயர் சொல்லாத ஊர்

பெரியக்காவின் கடிதம் வந்தபோது நான் மலையில் இருந்தேன். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் அப்போது எனக்கு டீச்சர் வேலை. வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு இறங்கி வருவேன். வீடு, கள்ளக்குறிச்சியிலிருந்து மலைக்கு வரும் வழியில் உள்ள ஒரு ஊரில். கரும்பும் மரவள்ளியும்தான் எங்கள் பிழைப்பு. பல தலைமுறைகளாகக் கிறிஸ்தவக் குடும்பம். ஊர் மாதா கோயில் காரியங்களில் அப்பா சொல்தான் முதல் சொல்.

அந்தச் சனிக்கிழமை நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அம்மா நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தாள். அப்படி அவள் வந்து நிற்கிற வழக்கமே இல்லை.

"இன்னாம்மா, அப்பாவுக்கு ஏதாவது...?"

"அப்பாவுக்கு ஒன்னுமில்ல. பெரியவ கடுதாசி போட்டிருக்கா. எங்க ரெண்டு பேரையும் ஜெர்மனிக்கு வரச் சொல்றா பாப்பா."

சொல்லிவிட்டு நடுரோட்டில் நின்று சிரித்தாள். அம்மாவுக்கு அப்போது முன்பல் ஒன்று விழுந்திருந்தது. சிரிக்கும்போது கையால் மறைத்துக்கொள்வாள். அன்று மறைக்கவில்லை.

எனக்கு மூத்தவர்கள் இரண்டு அக்காக்கள். இருவருமே பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஜெர்மனியில் கொலோன் என்ற ஊரில் இருந்த ஒரு கன்னியர் மடத்துக்குப் போனார்கள். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ ஊர்களிலிருந்து பெண்கள் அப்படிப் போவதுண்டு. மடத்தில் சேர்த்துக்கொண்டு நர்ஸ் படிப்பும் படிக்க வைப்பார்கள். பெரியக்கா போனாள், இரண்டு வருஷம் கழித்துச் சின்னக்காவும் போனாள். என்னையும் கேட்டார்கள். அம்மா மறித்துவிட்டாள்.

பெரியக்கா மடத்திலேயே நிலைத்துவிட்டாள். சின்னக்காவால் முடியவில்லை. மடத்தை விட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் இருந்த ஒரு வெள்ளைக்காரரைக் கட்டிக்கொண்டு, அவருடைய ஊரான பிரஸ்ஸல்ஸுக்குப் போய்விட்டாள். அது பெல்ஜியம் நாட்டில் இருக்கிறது. விஷயம் தெரிந்த நாளிலிருந்து அப்பா அவள் பெயரை எடுக்கவில்லை. சாயங்கால செபமாலை முடிந்ததும் வீட்டில் இல்லாதவர்களுக்காகப் பெயர் சொல்லி வேண்டிக்கொள்வது எங்கள் வழக்கம். பெரியக்கா பெயரைச் சொல்வார், மலையில் இருக்கும் நாட்களில் என் பெயரைச் சொல்வாராம். சின்னக்கா பெயர் வரவேண்டிய இடத்தில் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். அந்த மூச்சு வாங்கும் நேரத்தில் அம்மாவின் உதடு அசையும்.

கடிதத்தில் இருந்தது இதுதான். பெரியக்கா நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கப் போகிறாள். கடைசி வரைக்கும் கன்னியாஸ்திரியாக இருப்பேன் என்று கொடுக்கிற வாக்கு அது. அதைப் பார்க்க அப்பா அம்மாவுக்கு மடமே விமான டிக்கெட் போடுகிறது. மொத்தம் இரண்டு வாரம். விழா முடிந்த பிறகு அவளுக்கு லீவு உண்டு, ரயிலில் சில ஊர்களுக்கு அழைத்துப் போவாள். எல்லாவற்றையும் பார்க்க முடியாது, எந்தெந்த ஊர் என்று நீங்களே பேசி முடிவு செய்து எழுதுங்கள், ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக விசா வாங்க வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

அடுத்த வாரம் பள்ளியில் கேட்டு ஐரோப்பா படத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். துணி ஒட்டிய பெரிய படம். சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு மலைப் பஸ்ஸில் வந்தது இன்னும் நினைவிருக்கிறது. கூடத்துச் சுவரில் ஆணி அடித்து மாட்டினோம். அக்கம்பக்கத்தில் எல்லாரும் வந்து பார்த்தார்கள்.

அப்பா முதலில் விரல் வைத்தது ரோமில். "ரோமாபுரிக்குப் போவாம வந்தா ஊருக்குள்ள இன்னான்னு சொல்றது?" என்றார். போப்பாண்டவர் புதன்கிழமைகளில் ஜனங்களுக்குத் தரிசனம் கொடுப்பார் என்று பங்குச் சாமியார் சொல்லியிருந்தார். இரண்டாவது லூர்து. அது மாதா காட்சி கொடுத்த ஊர், பிரான்சில் இருக்கிறது. லூர்துக்குப் போகிற வழியில் பாரிஸ். என் சித்தப்பா, "லண்டன வுட்டுட்டீங்களே அண்ணே" என்றார்.

"லண்டன்ல இன்னா இருக்குது? அவங்கதான் இங்கயே வந்து எரநூறு வருஷம் குந்திக்கினு இருந்தாங்களே. பாத்தது போதாதா?" என்றார் அப்பா. கூடமே சிரித்தது.

அம்மா படத்துக்குக் கிட்டே வந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. "சின்னவ எங்க இருக்கா?" என்று என்னிடம் மெல்லக் கேட்டாள். காட்டினேன். "பெரியவ?" அதையும் காட்டினேன். இரண்டு புள்ளிகளுக்கும் நடுவில் கட்டை விரலை வைத்துப் பார்த்தாள். விரல் முழுதாக அடங்கவில்லை. பிறகு ரோமுக்குக் கையை விரித்துப் பார்த்தாள்.

"இவ்ளோ கிட்டக்க இருக்குதா?" என்றாள். அப்பாவைப் பார்த்துத் திரும்பி, "சின்னவ ஊர எழுதலியேங்க" என்றாள்.

"அந்த ஊரு வேணாம்."

"பக்கத்துலதானே இருக்குது. அவ்ளோ தூரம் போய்ட்டு..."

"கிட்டக்க இருக்குதுன்னு சுடுகாட்டுக்குப் போய்க் குந்துவமா?"

சித்தப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அக்கம்பக்கத்தாரும் போய்விட்டார்கள். அம்மா கூடத்திலேயே நின்றுகொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் இதே பேச்சுதான். அம்மா சண்டை போடுகிறவள் அல்ல. சோறு போடும்போது, "எனக்கு லூர்து வேணாம், அதுக்குப் பதிலா" என்று ஆரம்பிப்பாள். அப்பா கையைக் கழுவிவிடுவார். "பாரிஸ் வேணாம், அதுக்குப் பதிலா" என்று இன்னொரு நாள். ஒவ்வொரு ஊராக விட்டுக்கொடுத்துப் பார்த்தாள். அப்பா அசையவில்லை. கடைசியில் ரோம், லூர்து, பாரிஸ் என்று பெரியக்காவுக்கு எழுதிப் போட்டேன்.

பெரியக்காவின் பதிலில் ஒரு வரி இருந்தது. கொலோனிலிருந்து பாரிஸுக்குப் போகிற ரயில் பிரஸ்ஸல்ஸ் வழியாகத்தான் போகும், அதனால் பெல்ஜியத்துக்கும் சேர்த்து விசா வாங்கச் சொல்லியிருக்கிறேன் என்று. அப்பாவுக்கு முன்னால் உரக்கப் படித்தேன்.

"ரயில் போற வழிய நாம மாத்த முடியாது," என்றார். "ஆனா எறங்கக் கூடாது."

அம்மா என் கையைப் பிடித்துப் பின்கட்டுக்கு இழுத்துப் போனாள். "அங்க ரயிலு எவ்ளோ நேரம் நிக்கும்?"

"ஜனங்க ஏறி எறங்கற நேரம் நிக்கும்மா."

"போதும். அவள பிளாட்பாரத்துக்கு வரச் சொல்லு. ஜன்னல் தொறக்குமா?"

எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் திறக்குமா என்று கேட்டு ஜெர்மனிக்குக் கடிதம் போட்டேன். திறக்கும் என்று பதில் வந்தது. அம்மா அன்றிலிருந்து ஒரு பையைத் தயார் செய்ய ஆரம்பித்தாள். ஜன்னல் வழியாகக் கொடுக்கிற அளவுக்குச் சின்னப் பை. மலையிலிருந்து தேனும் புளியும் என்னைக் கொண்டுவரச் சொன்னாள். கேழ்வரகை முளைகட்டி அரைத்தாள். பேரப்பிள்ளை ஒருவன் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கு ஒரு வெள்ளி அரைஞாண் வாங்கி மாவுக்குள் புதைத்தாள்.

ஊர் ஜனமும் தங்கள் பங்குக்குக் கொடுத்தார்கள். போப்பாண்டவரிடம் மந்திரித்து வாங்கி வரச் சொல்லி ஆளுக்கொரு செபமாலை. அப்பா ஒவ்வொன்றையும் காகிதத்தில் மடித்து, என்னிடம் கொடுத்து வீட்டுக்காரர் பெயர் எழுதச் சொன்னார். அந்த நாட்களில் அவர் நடையே மாறியிருந்தது. கோயிலுக்குப் போகும்போது துவைத்து இஸ்திரி போட்ட சட்டை.

இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. படிப்பிலும் வேலையிலும் எங்கள் சாதி ஜனத்துக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். கூட்டம், ஊர்வலம் என்று தொடங்கிச் சாலை மறியலில் வந்து நின்றது. அப்பா எந்தக் கூட்டத்துக்கும் போனவரில்லை. ஆனால், "கேக்கறது நியாயந்தான். நம்ம ஜனத்துல இன்னா ஜாஸ்தி பேரு ஆபீசரா இருக்கான்?" என்பார். பெரிய மறியல் தொடங்குகிற தேதிக்கு முதல் நாளே கிளம்பிவிட்டால் சென்னைக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று எண்ணிக் கள்ளக்குறிச்சியில் ஒரு வாடகைக் கார் பேசினார். வழியனுப்ப நானும் ஏறிக்கொண்டேன்.

ஆனால் முதல் நாளே மரங்கள் விழத் தொடங்கிவிட்டன.

தியாகதுருகம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வண்டிகள் நின்றுகொண்டிருந்தன. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய புளியமரம். வெட்டிய இடம் சிவப்பாக இருந்தது. இலைகள் இன்னும் வாடவில்லை. காய் பிடித்திருந்த மரம். முப்பது நாற்பது பையன்கள் கையில் கோடாலியும் கம்புமாக நின்றார்கள். அதில் ஒருவன் எங்களுக்கு உறவு, அப்பாவின் பெரியம்மா வழிப் பேரன். அவனே ஓடி வந்தான்.

"பெரியப்பா, நீங்களா? ஏரோப்ளேன் இன்னிக்கா?"

"நாளைக்கிடா. வழி வுடுவீங்களா?"

"உங்களுக்கு இல்லாத வழியா? அந்தப் பக்கமா ஒரு மண் ரோடு இருக்குது. நான் முன்னால சைக்கிள்ல வரேன். நம்ம பசங்கதான் எல்லா எடத்துலயும் நிக்கறாங்க, உளுந்தூர்பேட்டை தாண்டி வுட்டுட்டு வரேன்."

அம்மா மாதாவே என்று நெஞ்சைத் தொட்டுக்கொண்டாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அப்போதுதான் அப்பா பின்னால் திரும்பிப் பார்த்தார். எங்களுக்குப் பின்னால் ஒரு பழைய வேன் நின்றது. அதன் பக்கத்தில், ரோட்டோரத்தில், தகரப் பெட்டிமேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். எங்கள் ஊர்க் காலனிப் பெண். பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பா எங்கள் நிலத்தில் கரும்பு வெட்ட வருகிறவர். அவளுக்குச் சென்னையில் நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது என்று சாமியார் பூசையில் சொல்லியிருந்தார். மறுநாள் போய்ச் சேர வேண்டும்.

அப்பா காரை விட்டு இறங்கினார். "அவங்க ரெண்டு பேரும் நம்ம ஊருதான். எங்கூட ஏத்திக்கறேன்" என்றார்.

பையன் வேறு பக்கம் பார்த்தான். "நீங்க போங்க பெரியப்பா. அவங்க வேணாம்."

"ஏன்?"

"அது வேற பெரியப்பா. பசங்க ஒத்துக்க மாட்டாங்க."

"இன்னா வேற? அந்தப் பொண்ணு நர்ஸ் படிக்கப் போவுது. எம் பொண்ணுங்க போன மாதிரிதான்."

"உங்க பொண்ணுங்களும் அவங்களும் ஒன்னா?" என்று கூட்டத்திலிருந்து வேறொருவன் கேட்டான்.

அந்தப் பெண்ணின் அப்பா எழுந்து கும்பிட்டு, "நீங்க போங்க ஐயா, நாங்க பாத்துக்கறோம்" என்றார். அப்பா கொஞ்ச நேரம் அந்த மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தகரப் பெட்டியைத் தானே தூக்கி எங்கள் காரின் டிக்கியில் வைத்தார். அவர்கள் இருவரையும் ஏறச் சொன்னார். டிரைவரிடம், "வண்டியத் திருப்பு" என்றார்.

"ஏங்க, திருப்பச் சொல்றீங்க?" என்றாள் அம்மா. அவளுக்குப் புரியவில்லை. "வழி வுடறேன்றானே?"

"அந்தப் புள்ளய வுட்டுட்டு நாம போவ முடியாது."

வண்டி வந்த வழியே வீட்டுக்குத் திரும்பியது. அம்மாவின் மடியில் அந்தச் சின்னப் பை இருந்தது.

வாரம் முழுக்க எந்த வண்டியும் ஓடவில்லை. சின்னசேலத்தில் ரயிலும் நின்றுவிட்டது என்றார்கள். துப்பாக்கிச் சூடு என்றும், சில ஊர்களில் காலனி வீடுகளைக் கொளுத்திவிட்டார்கள் என்றும் செய்தி வந்தது. அப்பா அம்மா போக வேண்டிய விமானம் போய்விட்டது. ரோடு திறந்த அன்று, மலைக்குப் போகாமல் கள்ளக்குறிச்சிக்குப் போய் ட்ரங்க் கால் போட்டு அக்காவிடம் பேசினேன். வேறு விமானத்தில் இடம் பார்க்கிறேன், வார்த்தைப்பாட்டுக்கு வந்துவிடலாம், ஆனால் திரும்பும் தேதியை மாற்ற முடியாது என்றாள். விழா முடிந்து கையில் மிஞ்சுவது மூன்று நாள். ரோமுக்குப் போய் வர அது சரியாக இருக்கும். லூர்து, பாரிஸ் எல்லாம் இல்லை.

பாரிஸ் இல்லை என்றால் பிரஸ்ஸல்ஸில் நிற்கிற அந்த ரயிலும் இல்லை. நான் சொன்னதும் அம்மாவுக்கு அது உடனே விளங்கிவிட்டது. பையைப் பிரித்துக் கேழ்வரகு மாவை எடுத்துப் பூச்சி வைத்திருக்கிறதா என்று பார்த்தாள்.

அன்று சாயங்காலம் அப்பா பம்புசெட்டில் கால் கழுவிக்கொண்டிருந்தார். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். அம்மா வரப்பில் வந்து நின்றாள்.

"உங்கள ஒன்னு கேக்கணும்."

"கேளு."

"ஊரான் பொண்ணுக்காக நடுரோட்டுல நின்னீங்களே. அது சரிதான், நான் தப்புன்னு சொல்லல. பெத்த பொண்ணுக்காக ஒரு தபா நிக்கக் கூடாதா?"

அப்பா காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அம்மா பதிலுக்குக் காத்திருக்கவில்லை, திரும்பி நடந்துவிட்டாள். அன்று செபமாலையை அம்மாதான் சொல்லி முடித்தாள்.

மறுநாள் காலை நான் சுவரிலிருந்து படத்தைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்தார்.

"பாப்பா, அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லிடு. ரோமு வேணாம்."

"அப்ப எங்கப்பா?"

"அதான். அந்த ஊரு." ஊரின் பெயர் அவர் வாயில் வரவில்லை. "நான் வூட்டுக்கு வரமாட்டேன். அம்மா போய்ப் பாத்துட்டு வரட்டும். நான் ஸ்டேஷன்ல குந்திக்கினு இருக்கேன்."

நான் தலையாட்டினேன். அவர் கண்ணைப் பார்க்கவே எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு பேரும் போனார்கள். மீனம்பாக்கத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், யாரோ கொடுத்த கம்பளிச் சட்டையைப் புடவைமேல் போட்டுக்கொண்டு அம்மா நடந்து போனதைப் பார்த்தேன். முன்னால் அப்பா, தோளில் செபமாலைகள் இருந்த பையுடன். ரோமுக்குப் போகவில்லை என்று முடிவான பிறகும் அதை எடுத்துக்கொண்டார். கேட்டதற்கு, "பெரியவ யார்கிட்டயாவது குடுத்தனுப்புவா" என்றார்.

அங்கே நடந்ததை அம்மா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரே முறையில் சொல்லவில்லை. களை எடுக்கும்போது கொஞ்சம், புளி கொட்டை எடுக்கும்போது கொஞ்சம் என்று பல மாதங்களில் சொன்னாள்.

பிரஸ்ஸல்ஸில் அன்று மழை. ஸ்டேஷனில் ஒரு நீளமான பெஞ்சில் அப்பாவை உட்கார வைத்துவிட்டு, பெரியக்கா அம்மாவை மட்டும் அழைத்துப் போனாள். சின்னக்கா வீடு மாடியில். கதவைத் திறந்தவளை அம்மாவுக்கு ஒரு நிமிஷம் அடையாளம் தெரியவில்லையாம். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். "கண்ண மட்டும் வச்சித்தான் கண்டுபுடிச்சேன்" என்றாள். மருமகன் நெட்டையான ஆள், அம்மாவுக்கு முன்னால் குனிந்து நின்றுகொண்டே இருந்தாராம். பையனுக்குச் சுருட்டை முடி. அரைஞாணைக் கட்டியதும் அவிழ்க்கச் சொல்லி அழுதானாம்.

"அப்பா எங்கம்மா?" என்று சின்னக்கா கேட்டிருக்கிறாள்.

"ஸ்டேஷன்ல குந்திக்கினு இருக்காரு. நீ வாயேன்."

"அவரு வூட்டுக்கு வரட்டும்மா. எம் வூடு இது. எம் புருஷன் இருக்காரு, புள்ள இருக்கான். இதுக்குள்ள அவரு ஒரு தபா வரட்டும்."

"அவரு இவ்ளோ தூரம் வந்ததே பெருசு."

"எனக்கும் தெரியும். ஆனா வரட்டும்."

அம்மா இரண்டு பேரையும் குறை சொல்லவில்லை. சொல்லும்போது, "அப்பனுக்குத் தப்பாத பொண்ணு" என்று மட்டும் சொன்னாள்.

சின்னக்கா சோறும் சாம்பாரும் செய்திருந்தாள். அம்மாவுக்கு இறங்கவில்லை. கிளம்பும் நேரத்தில் சின்னக்கா ஒரு டப்பாவில் சோற்றைப் பிசைந்து அடைத்து, இன்னொன்றில் பொரியல் வைத்து அம்மா கையில் கொடுத்தாள். யாருக்கு என்று சொல்லவில்லை. அம்மாவும் கேட்கவில்லை.

ஸ்டேஷனில் அப்பா வாசலைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். குளிருக்குத் தலையில் துண்டைச் சுற்றியிருந்தார். அம்மா டப்பாவைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். வாங்க மாட்டார் என்றுதான் நினைத்தாளாம். அவர் பெஞ்சிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டு கையால் சாப்பிட்டார். போகிறவர்கள் வருகிறவர்கள் பார்த்தார்கள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. கடைசியில் விரலை நக்கிக்கொண்டு, "உப்பு கம்மி" என்றார். அவ்வளவுதான் பேசினார். ரயில் வந்துவிட்டது என்று பெரியக்கா எழுப்பினாள். மூவரும் கொலோனுக்குத் திரும்பிவிட்டார்கள்.

ஊருக்கு வந்ததும் அப்பா வீடு வீடாகப் போய்ச் செபமாலைகளைத் திருப்பிக் கொடுத்தார். பெரியக்காவிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம், ஏனோ அப்படிச் செய்யவில்லை. "ரோமாபுரிக்குப் போவ முடியல. மந்திரிக்கல. மன்னிச்சிக்குங்க" என்று ஒவ்வொரு வாசலிலும் நின்று சொன்னார். ஏன் முடியவில்லை என்று கேட்டவர்களிடம், "பொண்ணப் பாக்கப் போயிட்டோம்" என்றார். எந்தப் பெண் என்பது ஊருக்குத் தெரியாதா? மடத்தை விட்டு ஓடிப் போனவளுக்காகப் போப்பாண்டவரை விட்டுவிட்டு வந்துவிட்டார் என்று பேசினார்கள். மறியலன்று காலனிக்காரர்களைக் காரில் ஏற்றிக்கொண்டதும் அதோடு சேர்ந்துகொண்டது. அடுத்த கோயில் திருவிழாவுக்குக் கொடி தூக்க வேறொருவரைக் கூப்பிட்டார்கள். அப்பா கடைசி வரிசையில் நின்று பூசை பார்த்தார். அதன் பிறகு எப்போதும் கடைசி வரிசைதான். அந்தக் காலனிப் பெண் நாள் தவறிப் போனாலும் படிப்பில் சேர்த்துக்கொண்டார்கள். பல வருஷம் சேலத்தில் நர்ஸாக இருந்தாள்.

சின்னக்காவின் பெயரை அப்பா அதற்குப் பிறகும் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. ஒரே ஒரு தடவை, மழைக்காலத்தில் ஒரு நாள், கரும்புக்கு உரம் வைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "அந்தப் பையனுக்குத் தமிழ் வருமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். மறுபடியும் குனிந்துகொண்டார்.

சில வருஷங்களில் அப்பா போய்விட்டார். நெஞ்சுவலி, கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் வைத்து இரண்டே நாள். தந்தி கொடுத்தோம். ஆனால் எங்கள் ஊரில் உடலை நாள் கணக்கில் வைத்திருக்க வசதி இல்லை, மறுநாளே அடக்கம். சின்னக்கா முப்பதாம் நாள் பூசைக்குத்தான் வந்தாள், பையனை அழைத்துக்கொண்டு. அவ்வளவு வருஷம் கழித்து அவளைப் பார்க்கிறேன். அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். கல்லறைக்குப் போய் நின்றபோது அழவில்லை. ஊர்க்காரர்கள் அதையும் பேசினார்கள்.

கிளம்புவதற்கு முன்பு நான் வேலை பார்க்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். மலைக்கு அழைத்துப் போனேன். பள்ளிக்குப் பின்னால், சாமை விளைந்த சரிவைப் பார்த்துக்கொண்டு பாறையில் உட்கார்ந்தோம். பையன் கீழே ஹாஸ்டல் பிள்ளைகளோடு பந்து விளையாடிக்கொண்டிருந்தான்.

"நான் அன்னிக்கு ஸ்டேஷனுக்கு வந்தேன்" என்றாள் திடீரென்று.

நான் அவளைப் பார்த்தேன்.

"அம்மாவும் அக்காவும் கெளம்பினதும் என்னால வூட்டுல குந்த முடியல. புள்ளய அவருகிட்ட வுட்டுட்டு ஓடினேன். வாசல்ல ஒரு பூக்கடை இருக்குது, அது பின்னால நின்னேன். அப்பா நான் குடுத்தனுப்பின சோத்தத் துன்னுக்கினு இருந்தாரு. ஒவ்வொரு கையா, ரொம்ப மெதுவா. சாப்புடும்போது போய் நின்னா எழுந்துடுவாரோன்னு பயம். முடிச்சிடட்டும், அப்புறம் போவலாம்னு நின்னேன். முடிச்சாரு. அக்கா வந்து எழுப்பி இட்டுக்கினு போயிட்டா."

"கூப்புட்டிருக்கலாமே அக்கா."

"வாயத் தொறந்தேன். வரல. அவரு நடந்து போறதப் பாத்துக்கினே நின்னேன். முதுகு அவ்ளோ வளஞ்சி போயிருக்கும்னு எனக்குத் தெரியாது."

இதை அம்மாவிடம் சொல்லாதே என்றாள். கடைசி வரை நான் சொல்லவில்லை.

பிறகு, "என்னப் பத்தி அப்பா எதுவும் கேக்கலியா?" என்றாள்.

பொய் சொல்ல வாய் வந்தது. ஆனால் இருந்த ஒன்றைச் சொன்னேன். பையனுக்குத் தமிழ் வருமா என்று கேட்டார் என்றேன்.

அக்கா கீழே பார்த்தாள். அவன் ஏதோ அவன் மொழியில் கத்தினான். எங்கள் பிள்ளைகள் அவர்கள் பேச்சில் திருப்பிக் கத்தினார்கள்.

"வராது" என்றாள். "நான் சொல்லிக் குடுக்கல. எனக்கு அப்பல்லாம் அந்த மொழியில பேச ஆளே வேணாம்னு இருந்துச்சி."

சாயங்காலப் பஸ்ஸில் இறங்கினோம். வளைவுகளில் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சின்ன வயதிலும் அவளுக்கு இந்த ரோடு ஒத்துக்கொள்ளாது. ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்தாள். நான் அவள் நெற்றியை உள்ளங்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். குட்டை முடி வியர்வையில் ஒட்டியிருந்தது. பையன் பயந்துபோய் என் இன்னொரு கையைப் பற்றிக்கொண்டான். சமவெளி வந்து சேரும்வரை அப்படியே இருந்தோம்.